ஓக் பார்க்: பிரபலங்களின் பட்டியலும் ஓர் எல்லைக்கோட்டின் வரலாறும்

சிகாகோவின் மையப் பகுதியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் ஆஸ்டின் பூலவார்டு என்ற சாலை தெற்கு வடக்காகக் குறுக்கிடுகிறது. சாலையின் கிழக்குப் பக்கம் சிகாகோ மாநகராட்சிக்கு உட்பட்ட ஆஸ்டின் வட்டாரம். மேற்குப் பக்கம் ஓக் பார்க் என்னும் தனி ஊராட்சி. பரப்பு 12 சதுர கிலோமீட்டர்தான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 54,583. இரண்டு பக்கத்தினரும் ஒரே மின்ரயிலில்தான் வேலைக்குப் போய்வருகிறார்கள். ஆனால் வரி, பள்ளிக்கூடம், காவல்துறை, வீட்டு விலை ஆகிய அனைத்தும் அந்தச் சாலையைக் கடக்கும்போது மாறிவிடுகின்றன.

ஓக் பார்க்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அங்கே வாழ்ந்த பிரபலங்களிலிருந்தே தொடங்குவார்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், நாவலாசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வே, டார்ஜானைப் படைத்த எட்கர் ரைஸ் பரோஸ் ஆகிய மூவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், நடந்து சென்று பார்க்கக்கூடிய தூரத்துக்குள் வாழ்ந்த ஊர் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. எனினும் அந்த மூவரும் ஊரைவிட்டுப் போனவர்கள். ஊர் இன்றிருக்கும் நிலையை எட்டியதற்குக் காரணம், வேண்டாம் என்று விரட்டப்பட்ட பிறகும் போக மறுத்த ஒரு வேதியியலாளரும், அதிகம் அறியப்படாத சில நூறு குடிமக்களும், 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நடந்த ஓர் எல்லைத் தகராறும்தான்.

ஊரின் தொடக்கம் எளிமையானது. மிச்சிகன் ஏரி பனியுகத்தின் முடிவில் இப்போதைவிட விரிந்து கிடந்தபோது அதன் கரையாக இருந்த மணல்மேடு ஒன்று இந்த ஊரின் ஊடே செல்கிறது. மேட்டின் ஒரு பக்கம் விழும் மழைநீர் இயற்கையில் பேரேரிகளை நோக்கியும், மறுபக்கம் விழுவது மிசிசிப்பி ஆற்றை நோக்கியும் வடியும். சுற்றிலும் சதுப்பு நிலமாக இருந்த காலத்தில் கால் நனையாமல் குடியிருக்கத்தக்க மேடு என்பதால், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து வந்த ஜோசப் கெட்டில்ஸ்டிரிங்ஸும் அவர் மனைவி பெட்டியும் 1830களில் இங்கே நிலம் பிடித்தார்கள். 1848இல் சிகாகோவிலிருந்து மேற்கே போடப்பட்ட முதல் ரயில் பாதை இந்த மேட்டை ஒட்டியே சென்றது. கெட்டில்ஸ்டிரிங்ஸ் தம் நிலத்தை வந்தவர்க்கெல்லாம் விற்கவில்லை என்பார்கள். சாராயக் கடைக்கு எதிரானவர்கள், தேவாலயமும் பள்ளியும் வேண்டும் என்பவர்கள் ஆகியோருக்கே விற்றாராம். அண்டை வீட்டார் யார் என்பதை விற்பவரே தீர்மானிக்கும் பழக்கம் அங்கே அன்றே தொடங்கிவிட்டது. 1871இல் சிகாகோ தீப்பிடித்து எரிந்தபின், வசதியுள்ள புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் பல இங்கே குடிபெயர்ந்தன. தேவாலயங்கள் மலிந்த ஊர் என்பதால் ‘புனிதர்களின் ஓய்விடம்’ என்ற கேலிப்பெயரும் ஒட்டிக்கொண்டது. உணவகங்களில் மது பரிமாற அனுமதி கிடைத்தது 1973இல்தான்.

நிர்வாக முறையில் அப்போது ஓக் பார்க் தனி ஊரல்ல. சிசரோ டவுன்ஷிப் என்ற பெரிய ஆட்சிப் பகுதிக்குள் ஆஸ்டின், ஓக் பார்க், பெர்வின் எனப் பல குடியிருப்புகள் இருந்தன. அவற்றில் ஆள்பலமும் செல்வாக்கும் மிகுந்தது ஆஸ்டின். டவுன்ஷிப்பின் பதவிகள் பெரும்பாலும் ஆஸ்டின்காரர்களிடமே இருந்தன. லேக் ஸ்ட்ரீட் மீது செல்லும் உயர்மட்ட ரயிலை ஆஸ்டினுக்குள் நீட்டிக்க அவர்கள் ஏற்பாடு செய்தபோது மற்ற குடியிருப்புகள் கொதித்தன. 1899இல் அந்த எரிச்சல் வாக்கெடுப்பாக வெளிப்பட்டது. ஆஸ்டினைச் சிகாகோவுடன் இணைத்துவிடலாம் என்று டவுன்ஷிப்பின் மற்றப் பகுதியினர் வாக்களித்தார்கள். ஆஸ்டின்காரர்கள் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை; பக்கத்து ஊரார் சேர்ந்து அவர்களைப் பெருநகரத்துக்குள் தள்ளிவிட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1902இல், ஓக் பார்க் சிசரோவிலிருந்தும் பிரிந்து தனி ஊராட்சியானது. ரயில் பாதைத் தகராறில் விளைந்த இந்தக் கோடு எழுபது ஆண்டுகள் கழித்து இரண்டு வட்டாரங்களின் விதியையும் பிரிக்கப் போகிறது என்று அன்று யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

ரைட் இந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுதான். தம் முதலாளியான லூயி சல்லிவனிடம் 5,000 டாலர் கடன் பெற்று, 1889இல் சிகாகோ அவென்யூவும் ஃபாரஸ்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில் வீடு கட்டினார். 1898இல் அதனுடன் தொழிற்கூடத்தையும் இணைத்தார். தாழ்ந்து நீண்ட கூரைகளும், வரிசையாக அமைந்த ஜன்னல்களும், நிலத்தோடு படுத்தாற்போன்ற கிடைக்கோடுகளும் கொண்ட ‘பிரெய்ரி’ பாணி வீடுகள் இந்தக் கூடத்தில்தான் உருவெடுத்தன. அவர் வடிவமைத்த கட்டடங்கள் சுமார் 25 இன்றும் ஓக் பார்க்கில் இருக்கின்றன. இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை வேறெங்கும் இல்லை. அவருக்கு வீடு கட்டும் வேலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரே. வசதி உடையவர்கள், ஆனால் பரம்பரைப் பெருமை பேசும் குடும்பத்தினர் அல்லர். இப்படியொரு புறநகர் வாய்க்காமல் போயிருந்தால் அவருடைய தொடக்கக்காலப் பாணி இவ்வளவு விரைவாகக் கைகூடியிருக்குமா என்பது ஐயமே.

அந்தக் கட்டடங்களில் யூனிட்டி டெம்பிள் என்ற தேவாலயத்தை மட்டுமாவது சற்று நின்று பார்க்க வேண்டும். 1905இல் யூனிட்டேரியன் சபையின் பழைய மரத் தேவாலயம் இடி விழுந்து எரிந்துபோனது. புதியதற்கு ஒதுக்கப்பட்ட பணம் 45,000 டாலர். கிடைத்த மனையோ டிராம் வண்டிகள் ஓடும் லேக் ஸ்ட்ரீட்டின் ஓரத்தில் இரைச்சலுக்கு நடுவே இருந்தது. கல் வாங்கப் பணம் போதாது என்பதால், பெரும்பாலும் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் பயன்பட்டுவந்த கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்த ரைட், அதன்மேல் வேறு பூச்சைப் போட்டு மறைக்கவும் இல்லை. தெருப்பக்கம் கண்மட்டத்தில் ஒரு ஜன்னலும் கிடையாது. வெளிச்சம் முழுவதும் உயரத்து ஜன்னல்களின் வழியாகவும் கூரையில் பதித்த மஞ்சள்நிறக் கண்ணாடிகளின் வழியாகவும் இறங்குகிறது. வாசல் கதவு தெருவைப் பார்த்து இல்லாமல் பக்கவாட்டில் இருக்கிறது. தாழ்ந்த இருண்ட வழியில் நுழைந்து, திரும்பி, படியேறினால்தான் கூடம் திறந்துகொள்ளும். வறுமையும் இரைச்சலும் சேர்ந்து விதித்த நிபந்தனைகளிலிருந்து பிறந்த இந்தக் கட்டடம், 2019இல் ரைட்டின் வேறு ஏழு கட்டடங்களோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கட்டி முடிந்த மறு ஆண்டே ரைட் ஊரைவிட்டுப் போனார். ஈஸ்ட் அவென்யூவில் தாம் வீடு கட்டிக்கொடுத்த எட்வின் சேனியின் மனைவி மேமா போர்த்விக்குடன் 1909இல் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, மனைவியும் ஆறு பிள்ளைகளும் ஓக் பார்க்கிலேயே தங்கிவிட்டார்கள். தேவாலயக் கோபுரங்களின் ஊரில் அந்தச் செய்தி எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சேனி குடும்பத்தின் வீடு இருந்த அந்தத் தெரு இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

ஹெமிங்வே பிறந்தது 1899 ஜூலை 21இல், ஓக் பார்க் அவென்யூவில் தாய்வழித் தாத்தாவின் வீட்டில். தந்தை மருத்துவர். தாய் கிரேஸ் இசை கற்றுக்கொடுத்துக் கணிசமாகச் சம்பாதித்தவர். 1906இல் கெனில்வொர்த் அவென்யூவில் எழுப்பிய புதிய வீட்டில் தம் கச்சேரிகளுக்கென்றே முப்பதடிக் கூடம் ஒன்றைக் கட்டிக்கொண்டவர். எழுத்தாளரின் எழுத்துப் பயிற்சி தொடங்கியது ஊர் உயர்நிலைப் பள்ளியின் செய்தித்தாளிலும் இலக்கிய இதழிலும்தான். 1917இல் பள்ளி முடித்துக் கான்சஸ் சிட்டி நாளிதழுக்குப் போனார். மறு ஆண்டு இத்தாலியப் போர்முனையில் காயம்பட்டார். 1919இல் திரும்பிவந்து பழைய பள்ளியில் போர் அனுபவங்களைப் பற்றிப் பேசினார். பிறகு அந்த ஊரில் அவர் நிலைக்கவில்லை. 1928இல் அவருடைய தந்தை கெனில்வொர்த் வீட்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ‘அகன்ற புல்வெளிகளும் குறுகிய மனங்களும் கொண்ட ஊர்’ என்று ஹெமிங்வே ஓக் பார்க்கை வருணித்ததாக ஒரு வாசகம் பல காலமாக வலம்வருகிறது. அவர் அதை எழுதியதற்கோ சொன்னதற்கோ ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த வாசகம் சாகவில்லை. ஊரைப் பற்றிய ஒரு சந்தேகத்தை அது சுருக்கமாகச் சொல்லிவிடுவதே காரணம்.

பரோஸின் கதை சுருக்கமானது. சிகாகோவில் பிறந்து பல தொழில்களில் தோற்றவர், 1912இல் டார்ஜான் கதை பத்திரிகையில் வெளியானபின் எழுந்து நின்றார். 1910 முதல் 1919 வரை ஓக் பார்க்கில் குடியிருந்தார். பிறகு கலிஃபோர்னியாவில் பண்ணை வாங்கி அதற்கு டார்ஜானா என்று பெயரிட்டார்; அது இன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஒரு பகுதி. 1902இல் ஓக் பார்க்கில் பிறந்தவர்கள் என்று பார்த்தால் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள்: மெக்டொனால்ட்ஸ் உணவகத்தை நாடெங்கும் கிளை பரப்பச் செய்த ரே கிராக், உளவியல் ஆலோசனையின் போக்கையே மாற்றிய கார்ல் ராஜர்ஸ். நவீன நடனத்தின் முன்னோடிகளுள் ஒருவரான டோரிஸ் ஹம்ஃப்ரி, நகைச்சுவை நடிகர்களான பெட்டி வைட், பாப் நியூஹார்ட் ஆகியோரும் இங்கே பிறந்தவர்களே. இந்தப் பட்டியலை இன்னும் நீட்டலாம், பயன் குறைவு. பிறந்த இடம் என்பது பல வேளைகளில் மகப்பேறு மருத்துவமனை இருந்த இடம் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

வந்து குடியேறுவதற்காகப் போராட வேண்டியிருந்தவர் பெர்சி ஜூலியன். ஹெமிங்வே பிறந்த அதே 1899இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரியில், அடிமைகளாக இருந்தவர்களின் பேரனாகப் பிறந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே அரிதாக இருந்த அந்த ஊரிலிருந்து இண்டியானாவின் டிபா பல்கலைக்கழகம் சென்று, 1920இல் வகுப்பிலேயே முதல்வராகத் தேறினார். ஹார்வர்டில் முதுகலைப் பட்டம், 1931இல் வியன்னாவில் முனைவர் பட்டம். 1935இல் யோசஃப் பிக்லுடன் சேர்ந்து ஃபைசோஸ்டிக்மின் என்ற மருந்தை முழுமையாகச் செயற்கை முறையில் உருவாக்கினார். கலபார் அவரையில் சிறிதளவே கிடைத்துவந்த அந்தப் பொருள் கிளாக்கோமா என்னும் கண்நோய்க்கு மருந்து. அதே முயற்சியில் ஈடுபட்டிருந்த ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சன், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், முந்திக்கொண்டு வெளியிட்ட முடிவு தவறானது என்று ஜூலியன் அச்சிலேயே எழுதினார். அவர் எழுதியதே சரி என்று உறுதியாயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. விஸ்கான்சினின் ஆப்பிள்டன் நகரில் ஓர் ஆய்வு நிறுவனம் வேலை தர முன்வந்தது. ஆனால் கறுப்பினத்தவர் இரவு தங்கக் கூடாது என்ற ஊர்ச் சட்டம் குறுக்கே நின்றது. 1936இல் கிளிடன் நிறுவனம் சிகாகோவில் அவரைச் சோயா ஆராய்ச்சிக்குத் தலைவராக அமர்த்தியது. சோயாப் புரதத்திலிருந்து வந்த தீயணைப்பு நுரை இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பல்களில் பயன்பட்டது. ஒருநாள் சோயா எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் கசிந்து அடியில் வெண்ணிறப் பொருள் திரண்டிருப்பதாகத் தகவல் வந்தபோது, மற்றவர்கள் கெட்டுப்போன எண்ணெயைப் பார்த்த இடத்தில் ஜூலியன் ஸ்டிக்மாஸ்டெராலைப் பார்த்தார். கலபார் அவரையில் முன்பே கண்டிருந்த பொருள் அது. அதிலிருந்து புரோஜெஸ்டெரான் போன்ற ஹார்மோன்களைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்க வழி பிறந்தது. 1949இல் மூட்டுவாத மருந்தான கார்ட்டிசோனுக்கு இட்டுச்செல்லும் மலிவான இடைப்பொருள் ஒன்றையும் அவர் தயாரித்தார்.

1950இல் ஒரு நாளிதழ் அவரைச் சிகாகோவின் சிறந்த மனிதர் என்று பாராட்டியது. அதே ஆண்டு அவரும், சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவரான மனைவி அன்னாவும், ஓக் பார்க்கின் ஈஸ்ட் அவென்யூவில் வீடு வாங்கினார்கள். ரைட் சேனி குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்த வீடு ஏறக்குறைய எதிரே இருக்கிறது. குடியேறும் முன்பே, நன்றி நவிலும் நாளன்று, யாரோ அந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். குடியேறிய பிறகு, 1951 ஜூனில், ஓடும் காரிலிருந்து டைனமைட் வீசப்பட்டது. வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. தந்தை துப்பாக்கியுடன் முற்றத்து மரத்தில் அமர்ந்து இரவுக்காவல் இருந்ததையும், தாமும் கூட அமர்ந்திருந்ததையும் அவருடைய மகன் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தார்.

அதே நேரத்தில் ஊரார் சிலர் அவருக்கு ஆதரவாகக் கூட்டம் கூட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பது ஒரு மாதத்தில் தெரிந்தது. 1951 ஜூலையில், ஓக் பார்க்கின் தெற்கு எல்லைக்கு அப்பால் உள்ள சிசரோவில் ஒரு கறுப்பினப் பேருந்து ஓட்டுநரின் குடும்பம் வாடகைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் திரண்டு அந்தக் கட்டடத்தையே சூறையாடினார்கள். தேசியக் காவற்படையை அழைத்துத்தான் கலவரத்தை அடக்க முடிந்தது. ஜூலியன் போகவில்லை. 1953இல் சொந்த நிறுவனம் தொடங்கினார்; 1961இல் அதை 23 லட்சம் டாலருக்கு விற்றார்; 1973இல் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாவது கறுப்பின அமெரிக்கர் ஆனார்; 1975 ஏப்ரலில் இறக்கும்வரை அதே ஊரில் வாழ்ந்தார்.

ஆனால் ஒரு பணக்கார விஞ்ஞானி தாக்குப்பிடித்ததால் மட்டும் ஊர் மாறிவிடவில்லை. 1970 கணக்கெடுப்பில் ஓக் பார்க்கின் மக்கள்தொகை 62,511. அவர்களுள் கறுப்பினத்தவர் 132 பேர் மட்டுமே. சட்டத்தின் தடை நீங்கி வெகுகாலமாகியிருந்தது. வீட்டுப் பத்திரங்களில் எழுதப்பட்ட இனத்தடைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948லேயே தீர்ப்பளித்துவிட்டது. வீடு விற்பனையை நடத்தியவர்கள் தரகர்களும் கடன் தரும் நிறுவனங்களும்தான். அவர்கள் பத்திரத்தில் எழுதாமலே வேலையை முடித்தார்கள்.

சிகாகோவின் மேற்குப் பகுதியில் அந்தக் காலத்தில் நடந்த வணிகம் இப்படித்தான் இருந்தது. வெள்ளையர் மட்டுமே வாழும் தெருவில் ஒரு வீட்டைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றுக்குத் தரகர் விற்பார். மறுநாளே அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்பு வரும், கதவு தட்டப்படும்: ‘விலை இறங்கப் போகிறது, இப்போதே கொடுத்துவிடுங்கள்.’ அஞ்சியவர்கள் கிடைத்த விலைக்கு விற்பார்கள். வாங்கிய தரகர் அதே வீட்டை, வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்கு மிக அதிக விலைக்கு விற்பார். அரசுக் கடன் உத்தரவாதம் அந்தத் தெருக்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததால் வாங்குபவர் வங்கிக்குப் போக முடியாது. விற்பவரிடமே தவணைக்கு வாங்க வேண்டும். பத்திரம் கடைசித் தவணைவரை விற்பவர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். பீதியை உண்டாக்கியவர்கள் இரண்டு பக்கத்திலும் சம்பாதித்தார்கள். தெருவின் விலை விழுந்ததற்குப் பழி மட்டும் புதிதாக வந்தவர்கள்மேல் விழுந்தது.

ஆஸ்டினில் இதுதான் நடந்தது. 1970இல் அங்கே கறுப்பினத்தவர் மூன்றிலொரு பங்கினர். 1980இல் நான்கில் மூன்று பங்கினர். தெருத் தெருவாக மேற்கு நோக்கி நகர்ந்த இந்த மாற்றம் அடுத்து ஆஸ்டின் பூலவார்டைத் தாண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆஸ்டின் மக்களிலும் தரகர்களை எதிர்த்துப் போராடியவர்கள் இருந்தார்கள். ஆனால் 1899 வாக்கெடுப்பால் சிகாகோவின் எண்ணற்ற வட்டாரங்களில் ஒன்றாகிவிட்ட அவர்களிடம் சொந்தமாக மன்றம் இல்லை, சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை, பள்ளி வாரியமும் இல்லை. ஓக் பார்க்கிடம் இவை யாவும் இருந்தன. ஆஸ்டின்காரர்களைவிட ஓக் பார்க்காரர்கள் நல்லவர்கள் என்ற விளக்கத்தை ஊர்ப்பெருமை விரும்பும். கையில் கருவி இருந்ததே பெரிய வேறுபாடு என்பது என் கருத்து.

அந்தக் கருவியை எடுக்கத் தூண்டியது 1963இல் நடந்த ஒரு சிறிய அவமானம். ஓக் பார்க்–ரிவர் ஃபாரஸ்ட் சிம்ஃபனி இசைக்குழுவில் சேர்ந்த கறுப்பின வயலின் கலைஞர் ஒருவரை, இனி வர வேண்டாம் என்று குழுவின் நிர்வாகத் தரப்பு சொன்னது. நடத்துநரான மில்ட்டன் பிரெவ்ஸ், சிகாகோ சிம்ஃபனியின் முதன்மை வயோலா கலைஞர், இதை எதிர்த்துப் பதவி விலகினார். செய்தி நாடெங்கும் பரவியது. தம்மைப் பண்பட்டவர்கள் என்று நம்பியிருந்த ஊராருக்குக் கண்ணாடி காட்டியது போலாயிற்று. சமூக உறவுகளுக்கான ஆணையம் அமைந்தது. 1966இல் வீட்டு உரிமைக்காகப் போராடிய குடிமக்கள் லேக் ஸ்ட்ரீட்டின் தரகு அலுவலகங்களை நோக்கி வாராவாரம் ஊர்வலம் போனார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4இல் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் கூட்டரசின் வீட்டுரிமைச் சட்டம் நிறைவேறியது. மே மாதத்தில் ஓக் பார்க் ஊராட்சி தன் சொந்த வீட்டுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் கதவைத் திறக்கும். ஆனால் கதவைத் திறந்துவைத்த ஊர்களும் பத்தாண்டுகளில் முழுவதும் ஓரினமாக மாறியதைச் சிகாகோ கண்டிருந்தது. எனவே ஓக் பார்க் அடுத்த கட்டத்துக்குச் சென்றது. அதே ஊரில் வளர்ந்த ராபர்ட்டா ரேமண்ட் 1972இல் ஒரு தேவாலயக் கட்டடத்தில் வீட்டு வசதி மையம் ஒன்றைத் தொடங்கினார். வீடு தேடி வருவோரிடம் உட்கார்ந்து பேசி, ஊரின் கிழக்கு ஓரத்தைத் தவிர்க்க நினைக்கும் வெள்ளையரை அந்தப் பக்கமும், கிழக்கு ஓரத்துக்கே அனுப்பப்படும் கறுப்பினத்தவரை மற்றப் பகுதிகளுக்கும் போய்ப் பார்க்கத் தூண்டுவதே அதன் வேலை. தரகர்கள் இனத்தை வைத்து ஆட்களைப் பிரித்து அனுப்பியதற்கு நேர் எதிரான வேலை இது. செய்யும் முறை மட்டும் சங்கடப்படுத்தும் அளவுக்கு ஒத்திருந்தது.

ஊராட்சியும் தன் பங்குக்கு இறங்கியது. இனக்கலப்பைப் பேணுவதே ஊரின் கொள்கை என்று 1973இல் தீர்மானம் இயற்றியது. ஹாரி வீஸ் வடிவமைத்த புதிய ஊராட்சி மன்றக் கட்டடத்தை, 1975இல், ஊரின் நடுவிலோ வசதியான வடக்கிலோ கட்டாமல் ஆஸ்டினுக்கு அருகே மேடிசன் தெருவில் கட்டியது. நாங்கள் இந்தப் பக்கத்தைக் கைவிடப் போவதில்லை என்ற அறிவிப்பு அது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் சீரழியாமலிருக்க ஆய்வுகளைக் கடுமையாக்கியது. பிற்பாடு, காலி வீடுகளை மையத்தின் வழியாக நிரப்ப இசைந்த உரிமையாளர்களுக்கு மானியமும் கொடுத்தது. வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை வைக்கத் தடை விதித்தது, ஏனெனில் ஒரே தெருவில் நான்கு பலகைகள் தெரிந்தால் ஐந்தாவது வீட்டுக்காரருக்குக் கிலி பிடித்துவிடும். நியூ ஜெர்சியின் வில்லிங்பரோ ஊர் போட்ட இதே போன்ற தடையைப் பேச்சுரிமைக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ரத்து செய்தது. அதன்பிறகும் ஓக் பார்க் தரகர்கள் தாமாகவே பலகை வைக்காமல் இருந்தார்கள்.

இந்த ஏற்பாடுகளுள் மிகவும் நுட்பமானது 1978இல் வந்த விலைக் காப்பீடு. வீட்டுக்காரர் தம் வீட்டை மதிப்பிடச் செய்து பதிந்துகொள்ளலாம். ஐந்தாண்டுகள் கழித்து விற்கும்போது மதிப்பு இறங்கியிருந்தால் இழப்பில் 80 விழுக்காட்டை ஊராட்சி ஈடுகட்டும். பதிந்துகொண்டவர்கள் சிலரே, இழப்பீடு கோரும் நிலையும் யாருக்கும் வரவில்லை. அதனால் திட்டம் தோற்றது என்று கருத முடியாது. பீதி என்பது பக்கத்து வீட்டார் என்ன செய்வார் என்ற ஊகத்தில் வளர்வது. ஊராட்சியே பணத்தைப் பணயம் வைத்திருக்கிறது என்று தெரிந்தபின் அந்த ஊகத்துக்குத் தீனி குறைந்தது.

எல்லா யோசனைகளும் இப்படித் தேறவில்லை. ஒரு தெருக்கட்டில் கறுப்பினத்தவர் 30 விழுக்காட்டை எட்டினால் அந்தப் பகுதிக்கு வீட்டுரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று 1970களின் நடுவில் ஒரு முன்மொழிவு வந்தது. கறுப்பினக் குடிமக்களும் வெள்ளையர் பலரும் கடுமையாக எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. ஆஸ்டின் பூலவார்டில் வந்து சேரும் சில தெருக்களை ஊராட்சி முட்டுச் சந்துகளாக மூடியது வேறு கதை. போக்குவரத்தைக் குறைக்க என்பது விளக்கம். மறுபக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சுவராகவே தெரிந்தது.

இனம் பற்றி இவ்வளவு விவாதித்த ஊர் தன் இன்னொரு குடியிருப்பாளரைப் பற்றிப் பேசாமலே இருந்தது என்பது வேடிக்கை. சிகாகோ மாஃபியாவின் தலைவராக இருந்த சாம் ஜியான்கானா ஓக் பார்க்கின் தென்பகுதியில், செங்கல் பங்களா ஒன்றில் பல ஆண்டுகள் அமைதியாகக் குடியிருந்தார். 1975 ஜூன் 19 இரவு, வீட்டின் நிலவறைச் சமையலறையில் சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். ஜூலியன் இறந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. கொலையாளி யார் என்பது வெளிவரவில்லை. 1950இல் விஞ்ஞானியின் வருகையைத் தெருவுக்கு ஆபத்து என்று கருதிய ஊரில், இந்த அண்டைவீட்டாரின் வருகைக்கு யாரும் தீ வைத்ததாகத் தகவல் இல்லை.

கொள்கைகளின் விளைவைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 1970இல் 132 ஆக இருந்த கறுப்பின மக்கள்தொகை, 2000இல் ஊரின் 22 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஊர் ஒரேயடியாக மாறவுமில்லை, வீட்டு விலை விழவுமில்லை. 1985இல் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பெர்சி ஜூலியனின் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்காவில் இனக்கலப்பைத் திட்டமிட்டு நிலைநிறுத்திய ஊர்களுக்கு எடுத்துக்காட்டாக ஒஹையோவின் ஷேக்கர் ஹைட்ஸுடன் ஓக் பார்க்கும் பாடநூல்களில் ஏறியது.

ஆனால் வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி தொடர்கிறது. வெள்ளையர் ஓடாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்தே திட்டம் முழுவதும் கணக்கிடப்பட்டது. வீடு தேடிவந்த கறுப்பினக் குடும்பம் சிதறி வாழ ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதன் சொல்லப்படாத நிபந்தனை. ஊரின் ஒரே பொது உயர்நிலைப் பள்ளியில் எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே வாசலில் நுழைந்தாலும், சிறந்த மாணவர்களுக்கான பாடப்பிரிவுகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் இடைவெளி பல பத்தாண்டுகளாக நீடித்துவருகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்டினில் 1970இல் ஏறத்தாழ 1,28,000 பேர் இருந்தார்கள்; 2010இல் ஒரு லட்சத்துக்கும் குறைவு. தொழிற்சாலைகளும் முதலீடும் வெளியேறிய அந்த வட்டாரத்துக்கு ஓக் பார்க்கின் ஏற்பாடுகளால் எந்தப் பயனும் இல்லை. அவை ஊர் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியானவை.

இப்போது அழுத்தம் வேறு திசையிலிருந்து வருகிறது. பெரிய தொழிற்சாலையோ பேரங்காடியோ இல்லாத ஊர் என்பதால் பள்ளிகளுக்கும் சேவைகளுக்கும் வீட்டுச் சொத்துவரியே முதன்மை வருவாய், அது சுமையாக ஏறிக்கொண்டே போகிறது. நகரத்துக்கு இரண்டு மின்ரயில் தடங்கள், ரைட் கட்டடங்கள், பெயர்பெற்ற பள்ளிகள் ஆகியவை வீட்டு விலையையும் வாடகையையும் உயர்த்துகின்றன. 2020 கணக்கெடுப்பில் கறுப்பினத்தவரின் பங்கு 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. விலை விழுந்துவிடுமோ என்ற அச்சத்தைத் தணிக்கவே 1970களின் சட்டங்களும் காப்பீடும் தீட்டப்பட்டன; விலை எட்டாத உயரத்துக்குப் போவதால் வெளியேறும் குடும்பத்துக்கு அவற்றில் எந்த ஏற்பாடும் இல்லை.